மானும் கப்பலும்

ஆடியில் யாராவது கார் வாங்குவார்களா என்றார் தனகோட்டி.
ஆடியில்தான் விலை இறங்கும் என்றேன்.
கல்யாணம் இல்லாத மாதத்தில்
கல்யாணக் காருக்கு யார் போட்டி?
இருபது வருஷமாக ஊரார் கார்களுக்குப் பூ ஒட்டுகிறேன்,
வேலூரில் என் சம்பங்கி ஏறாத பானட் இல்லை.
வாடகை மட்டும் வேறு யாருக்கோ.

மேல்விஷாரத்தில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று.
இரண்டும் அமெரிக்கா. இரண்டும் என்னைவிட மூத்தவை.

தோல் கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாயை இழுத்ததும்
இம்பாலா
வெள்ளையாய் நீண்டுகொண்டே போனது.
முழம் போட்டேன், மாலைக்குப் போடுவதுபோல்:
நாலு விரல் குறையப் பன்னிரண்டு முழம்.
பின்பக்கம் பருந்து இறங்கும்போது விரிக்கிற இறக்கை.
விலாவில் தாவும் மான்.
தனகோட்டி அதைத் தடவிய விதத்தில்
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பாபுஜான் பானட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.
உள்ளே மெட்டடார் வேனின் டீசல் இன்ஜின்.
"மூஞ்சி சீமை, வயிறு நம்மூரு. சாகாதுக்கா."
ஸ்டியரிங் இடப்பக்கம்.
லாரியை முந்த வேண்டுமென்றால்
வலப்பக்கம் இருப்பவர் தலையை நீட்டி 'போ' என்று சொல்ல வேண்டும்.
"அதுக்கு ஒரு பையனைப் போட்டுக்கலாம்" என்றார் இம்தியாஸ் பாய்,
பையனை விலையில் சேர்க்காமல்.

பிளிமத்
ஞானப்பிரகாசம் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது.
நாவல்பழ நிறம், மேலே கோழி எச்சம்.
பத்தே முக்கால் முழம்.
மூக்கு நுனியில் உள்ளங்கையளவு பாய்மரக் கப்பல்.
இன்ஜின் அதனுடையதேதான், பெட்ரோல்.
லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டதும்
ஞானப்பிரகாசம் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.
ஸ்டியரிங் கழுத்தில் கியர்.
இரண்டாவது விழ ஒரு தட்டு, ஒரு கெஞ்சல்.

இரவு பூக்கணக்கு நோட்டில் நடுவே கோடு போட்டேன்.
மான் பக்கம் நிரம்பி வழிந்தது.
கப்பல் பக்கம் 'அழகு' என்று மட்டும்,
அதுவும் கேள்விக்குறியோடு.

மறுநாள் முன்பணத்தோடு தனியாக மேல்விஷாரம் போனேன்.
எதற்கென்று தெரியவில்லை,
பின்சீட்டில் ஏறினேன், மணப்பெண் உட்காரும் பக்கம்.
கதவைச் சாத்தினார்கள்.
நல்ல அகலம். பட்டு கசங்காது.
இறங்கலாமென்று கையை நீட்டினால்
கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில்
ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு போல்ட்.

இம்தியாஸ் பாய் போனில் யாருக்கோ தோல் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.
கண்ணாடியைத் தட்டினேன்.
ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார்.
நாலு நிமிஷம்.

"பொண்ணு என்ன, தானாவா இறங்கப்போறா?
யாராவது தொறந்து கையப் புடிச்சு இறக்குவாங்க இல்ல."
நியாயம்தான். எத்தனை மண்டப வாசலில் பார்த்திருக்கிறேன்.
கைப்பிடி முந்நூறு ரூபாய், நான் போட்டுத் தரேன்,
போனில் பாபுஜானும் சொன்னார்.
சரி சரி என்றேன்.
சொல்லிக்கொண்டே ராணிப்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வேப்பமரத்தடியில்
பிளிமத்துக்குள் உட்கார்ந்து நாலு கதவையும்
உள்ளிருந்தே திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
கோழிகள் சிதறி ஓடின.
ஞானப்பிரகாசம் விலையை ஏற்றவில்லை,
பயந்திருப்பார்.

ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்க
வீட்டுக்கு ஓட்டிவந்தோம்.
பாலாற்றுப் பாலத்தின் நட்டநடுவில்
ஆவி பறக்க நின்றது.
கீழே மணல், கருவேலம்,
ஓரமாய்க் கோடு கிழித்தது போலத் தண்ணீர்.
கப்பல் ஆற்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பின்னால் திருப்பதி பஸ் ஹாரனை விடவே இல்லை.

தனகோட்டி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"மான் ஓடியிருக்கும்."

ஓடியிருக்கும்.

கதவைத் திறந்து இறங்கினேன்.
முந்தானையைச் செருகிக்கொண்டு
பின்னால் போய்த் தள்ளினேன்.